நிழலில் வேரூன்றிய மலர்

கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நெருங்கும் நாள்களில் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையடிவாரச் சிற்றூர்களில் தோட்டங்கள் யாவும் உறங்கிக் கிடக்கும். மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். புல்வெளிகள் பனியால் மூடப்பட்டிருக்கும். அவ்வேளையில், குளிர் சற்றுத் தணிந்த ஆண்டுகளில், மரத்தடி நிழலில் பனியை விலக்கிக்கொண்டு வெண்ணிற மலரொன்று தலைகாட்டும். அவ்வூர் மக்கள் அதனைக் கிறிஸ்துமஸ் ரோசா என்பர். பனிரோசா என்பாரும் உளர். தாவர நூலார் இடும் பெயர் ஹெல்லெபோர்.

குருத்துவத் திருநிலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், ஆஸ்திரிய நாட்டின் சிற்றூர்ப் பங்கொன்றில் ஈராண்டுகள் துணைப்பணி ஆற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தின் வடபுற மதிலோரம், முதியதொரு பீச் மரத்தின் அடியில், இச்செடியின் தூர் ஒன்று இருந்தது. வெப்ப நாட்டிலிருந்து சென்ற நமக்குப் பனியில் பூக்கும் மலர் பெரும் புதுமை. அதைக் குடிலின் அருகே வைத்தால் எத்துணை அழகாயிருக்கும் என்று எண்ணினோம். எண்ணியதோடு நில்லாமல், திருவருகைக்காலத்தின் கடைசி வாரத்தில், எவரையும் கேளாமல், மண்வெட்டி கொண்டு அத்தூரைப் பெயர்த்தெடுத்தோம். வேர்கள் நாம் நினைத்ததைவிட ஆழமாகப் போயிருந்தன. பாதி அறுந்து மண்ணிலேயே தங்கிவிட, மீதியைத் தொட்டியில் இட்டுக் குடிலின் அருகே கொண்டுவந்து வைத்தோம். கோயிலுக்குள் வெப்பமூட்டும் கருவி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாளே மலர்கள் தொங்கின. திருக்காட்சிப் பெருவிழாவுக்குள் இலைகள் கருகிவிட்டன.

நம் ஊர் வழக்கில் கோயில்பிள்ளை என்று சொல்லத்தக்க முதியவர் ஒருவர் அக்கோயிலுக்குப் பொறுப்பாயிருந்தார். அவர் தொட்டியைப் பார்த்தார், நம்மையும் பார்த்தார். "இது என் அம்மா வைத்த செடி, சாமி" என்று மட்டும் சொன்னார். கடிந்துரைத்திருந்தால் நமக்கு எளிதாயிருந்திருக்கும்.

அன்று தொடங்கி இச்செடியின் வரலாற்றைத் தேடிப் படித்து வருகிறோம். படிக்கப் படிக்க நமக்குத் தோன்றியது இது: ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் மனிதர் இதன் வேரைத் தோண்டிக்கொண்டே இருந்தனர், கடந்த இருநூறு ஆண்டுகளாகத்தான் வேரை மண்ணில் விட்டுவைக்கக் கற்றுக்கொண்டனர். இவ்விரு பழக்கங்களின் கதையே இக்கட்டுரை.

பெயரும் பிறப்பும்

ரோசா என்று அழைக்கப்பட்டாலும் இச்செடிக்கும் ரோசாவுக்கும் உறவில்லை. நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இடம்பெறும் கருஞ்சீரகம் எந்தத் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்ததோ அதே குடும்பத்தைச் சேர்ந்தது ஹெல்லெபோர். இதில் ஏறக்குறைய 20 இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை பால்கன் நாடுகளின் மலைக்காடுகளுக்கு உரியவை. கிறிஸ்துமஸ் ரோசா ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, தென் ஜெர்மனி, வட இத்தாலி, சுலோவேனியா ஆகிய நாடுகளின் மலைச்சாரல்களில் இயற்கையாக வளர்கிறது. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753இல் இதற்கு ஹெல்லெபோரஸ் நைஜர் என்று பெயரிட்டார். நைஜர் என்னும் இலத்தீன் சொல்லுக்குக் கறுப்பு என்று பொருள். பூ வெண்மை, பெயரோ கறுப்பு. காரணம், பழங்காலத்தார் கண்ணில் பட்டது பூவன்று. மண்ணுக்குள் கரிய நார்களாய்ப் பரவியிருக்கும் வேரே.

கிரேக்கம், துருக்கி, காக்கேசிய மலைப்பகுதி ஆகியவற்றுக்கு உரிய மற்றோர் இனம் ஹெல்லெபோரஸ் ஓரியன்டாலிஸ். அதுவும் அதன் கலப்பு வகைகளும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, அதாவது தவக்காலத்தை ஒட்டிப் பூப்பதால் தவக்கால ரோசா என்று ஆங்கிலேயர் பெயரிட்டனர். ஆக, திருவழிபாட்டு ஆண்டின் இரு பெருங்காலங்களோடு பெயரால் பிணைக்கப்பட்ட செடி இது. இதன் மலரில் நாம் இதழ்கள் என்று காண்பவை உண்மையில் அல்லி இதழ்கள் அல்ல, புல்லி இதழ்கள். அல்லி இதழ்களோ சிறு குழல்களாகச் சுருங்கித் தேன் சுரக்கும் கிண்ணங்களாகிவிட்டன. எனவேதான் மகரந்தச் சேர்க்கை முடிந்த பின்னும் பூ உதிர்வதில்லை. மெல்லப் பசுமை ஏறி, விதை முதிரும் வரை வாரக்கணக்கில் நிலைத்து நிற்கிறது.

வேரைத் தோண்டியவர்கள்

ஹெல்லெபோர் என்னும் கிரேக்கச் சொல்லுக்குத் தீங்கு செய்யும் உணவு என்று விளக்கம் கூறுவது வழக்கம். தீங்கு செய்வது என்று தெரிந்தே பழங்காலத்தார் அதை மருந்தாக்கினர். ஆர்கோஸ் நாட்டு மன்னன் புரோய்ட்டசின் புதல்வியர் சித்தம் கலங்கித் திரிந்தபோது மெலாம்பஸ் என்னும் குறியாளர் ஹெல்லெபோர் கொடுத்துக் குணப்படுத்தினார் என்பது கிரேக்கர்களின் தொல்கதை. இக்கதை எத்துணைப் பழமையானதோ, அத்துணைப் பழமையானது பித்துக்கு இவ்வேர் மருந்து என்னும் நம்பிக்கை. போக்கிஸ் நாட்டுக் கடற்கரை நகரமான அன்டிகீரா இம்மருந்துக்குப் பெயர்போனது. நோயாளிகள் கப்பலேறி அங்குச் சென்று தங்கிச் சிகிச்சை பெற்றனர். நாளடைவில், ஒருவனைப் பித்தன் என்று சொல்ல விரும்பிய உரோமானியர், அவன் அன்டிகீராவுக்குப் போகவேண்டியவன் என்று கேலி பேசத் தொடங்கினர். கார்னியாடீஸ் என்னும் மெய்யியலார் எதிர்த்தரப்பாரின் நூல்களுக்கு மறுப்பு எழுதப் புகுமுன், அறிவு கூர்மை பெறும் பொருட்டு இதை உட்கொண்டதாகப் பிளினி எழுதி வைத்துள்ளார்.

இங்கு ஒரு தெளிவு தேவை. பழைய நூல்கள் கருப்பு ஹெல்லெபோர், வெள்ளை ஹெல்லெபோர் என இரண்டைக் கூறும். வெள்ளை எனப்பட்டது வெராட்ரம் என்னும் முற்றிலும் வேறான நச்சுச் செடி. கருப்பு எனப்பட்டதே நாம் பேசும் குடும்பத்தது. இரண்டும் வயிற்றை வன்மையாகக் கலக்குவன என்பதால் ஒரே பெயரில் வழங்கலாயின.

வேரைத் தோண்டும் முறையைக் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தியோபிராஸ்டஸ் பதிந்துள்ளார். அரிஸ்டாட்டிலின் மாணவரான அவர் தாவரவியலின் தந்தை எனப் போற்றப்படுபவர். தோண்டுவோர் செடியைச் சுற்றி வட்டம் கீறிக் கிழக்கு நோக்கி நின்று வேண்டுவார்களாம். வலப்புறமோ இடப்புறமோ கழுகு வருகிறதா என்று பார்ப்பார்களாம். கழுகு அருகே வந்தால் தோண்டியவர் அவ்வாண்டிலேயே இறப்பார் என்பது அவர்களின் அச்சம். வெள்ளை வகையைத் தோண்டும்போது தலை கனக்கும் என்பதால் முன்னரே பூண்டு தின்று திராட்சை மதுவும் அருந்துவராம். இவற்றுள் பல மூடவழக்கம் என்பது தியோபிராஸ்டசுக்கே தெரியும். ஆயினும் இவ்வழக்கங்களில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. தாம் தொடுவது ஆபத்தான ஒன்று என்பதை அந்த எளிய மக்கள் அறிந்திருந்தார்கள்.

அந்த ஆபத்தைப் போர்க்கருவியாக்கியவர்களும் உண்டு. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டெல்பி ஆலயத்தை முன்னிட்டுக் கிர்ரா என்னும் நகர் முற்றுகையிடப்பட்டது. நகருக்குள் ஓடும் நீரில் ஹெல்லெபோர் வேர்களைப் போடச் செய்தவர் சோலோன் என்றும், அதைக் குடித்த காவலர்கள் வயிற்றுப்போக்கால் நலிந்து மதிலைக் கைவிட்டனர் என்றும், கி.பி. 2ஆம் நூற்றாண்டின் எழுத்தாளர் பவுசானியாஸ் கூறுகிறார். நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையே ஏழு நூற்றாண்டுகள் உள்ளன. எனவே செய்தியை அப்படியே ஏற்கத் தேவையில்லை. ஆயினும் மருந்து என்று புகழப்பட்ட வேரே நஞ்சாகவும் அறியப்பட்டிருந்தது என்பதற்கு இது சான்று.

மருத்துவ மரபின் முன்னோடிகளும் இதை அறியாதவர் அல்லர். ஹெல்லெபோர் உண்டபின் வலிப்பு வந்தால் உயிருக்கு இறுதி என்று ஹிப்போகிரட்டஸ் பெயரால் வழங்கும் நூல்களில் எச்சரிக்கை உள்ளது. இருந்தும் மருந்து தொடர்ந்தது. 1597இல் வெளிவந்த ஜான் ஜெரார்டின் மூலிகை நூல் சித்தம் கலங்கியவர்களுக்கும் மனச்சோர்வில் அமிழ்ந்தவர்களுக்கும் இதைப் பரிந்துரைக்கிறது. மனச்சோர்வைப் பற்றி இராபர்ட் பர்ட்டன் 1621இல் வெளியிட்ட பெருநூலின் பிற்பதிப்புகளில், முகப்புப் படத்திலேயே ஹெல்லெபோர் செடி வரையப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தின் மாடு மேய்ப்போர் நோயுற்ற மாட்டின் தொங்குதோலைக் கீறி, இதன் வேர்த்துண்டைச் செருகி வைத்தனர். புண் சீழ்கட்ட, கெட்ட நீர் வெளியேறிவிடும் என்று நம்பினர்.

நம் நாட்டு வழியிலும் ஒரு குழப்பம் நேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தொகுத்த மருந்து நூல்களும் அகராதிகளும் நம் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் கடுகுரோகிணியைக் கருப்பு ஹெல்லெபோர் என்றே குறித்தன. கசக்கும் கரிய வேர் என்னும் ஒற்றுமையே காரணம். உண்மையில் கடுகுரோகிணி இமயமலையில் வளரும் வேறொரு செடி. பழைய நூலைப் புரட்டும் அன்பர்கள் பெயரொற்றுமையால் ஏமாறலாகாது. ஹெல்லெபோரின் எல்லாப் பகுதிகளும் நச்சுடையவை. நெஞ்சத்துடிப்பைக் குலைக்கும் பொருளும், வாயையும் வயிற்றையும் புண்ணாக்கும் பொருள்களும் அதில் உள்ளன. இன்று எந்த நல்ல மருத்துவரும் அதன் வேரை உண்ணக் கொடுக்க மாட்டார்.

பழைய மருத்துவர்கள் தீயவர்கள் அல்லர். கறுத்த பித்தம் உடலில் மிகுவதால் மனம் கலங்குகிறது என்பது அவர்கள் கற்ற பாடம். அதை வாந்தியாலும் பேதியாலும் வெளியேற்றிவிட்டால் மனம் தெளியும் என்று உண்மையாகவே நம்பினார்கள். கேடு எங்கே நுழைந்தது என்றால், நோயாளி துவண்டு விழுந்ததையே மருந்து வேலை செய்ததற்கு அடையாளமாகக் கொண்ட இடத்தில். கத்திக்கொண்டிருந்தவன் கத்தாமல் கிடந்தான். அது குணம் எனப்பட்டது. இதை வாசிக்கையில் நம் நினைவுக்கு வந்தவர்கள் ஆன்டிகீராவின் நோயாளிகள் மட்டுமல்லர். பங்கு இல்லத்தின் வரவேற்பறையில், மனம் உடைந்த மகனையோ மகளையோ அழைத்துவந்து, "ஏதாவது சொல்லி இன்றைக்கே சரிசெய்துவிடுங்கள் சாமி" என்று மன்றாடிய பெற்றோர் நினைவுக்கு வந்தனர். இளமையில் நாமும் ஒரே அமர்வில் கடும் அறிவுரை கூறி அனுப்பியதுண்டு. தலைகுனிந்து அமைதியாய் எழுந்து சென்றவர்களைக் கண்டு, நம் சொல் பலித்தது என்று எண்ணியதும் உண்டு. அவர்களுள் எத்தனை பேர் களைத்துப்போய் அமைதியானார்கள் என்பதை நாம் கேட்டறிந்ததில்லை.

இரு கதைகள்

மருத்துவர் வேரைப் பார்த்தனர்; எளிய மக்கள் பூவைப் பார்த்தனர். இடையர்களும் ஞானியரும் பெத்லகேம் நோக்கிச் செல்வதைக் கண்ட ஏழை இடைச்சிறுமி ஒருத்தி, குழந்தை இயேசுவுக்குக் கொடுக்கத் தன்னிடம் ஒன்றுமில்லையே என்று பனியில் நின்று அழுதாளாம். அவள் கண்ணீர் விழுந்த இடத்தில் வானதூதர் இம்மலரைத் தோன்றச் செய்தாராம். இது வரலாறன்று. பாலஸ்தீன நாட்டுக்கும் இம்மலருக்கும் தொடர்பில்லை. பனியில் வாழும் மக்கள் தம் முற்றத்து மலரை மீட்பரின் பிறப்பிடத்துக்குக் கொண்டுசென்ற பக்திக் கற்பனை.

மற்றொரு கதையைச் சுவீடன் நாட்டு எழுத்தாளர் செல்மா லாகர்லெவ் 1908இல் வெளியான நூலில் எழுதினார். அடுத்த ஆண்டே இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்று, அப்பரிசை வென்ற முதல் பெண்மணியானவர் அவர். கிறிஸ்து பிறப்பு இரவில் காடே பூத்துக் குலுங்குவதை ஒரு கள்வனின் மனைவி அறிவாள். அவள் காட்டிய வழியில் முதிய மடாதிபதி ஒருவர் அங்குச் செல்கிறார். உடன் சென்ற துறவற உடன்பிறப்போ, கள்வருக்குத் தோன்றும் காட்சி சாத்தானின் வேலை என்று ஐயுற்றுக் கத்துகிறார். அந்நொடியே ஒளியும் மலரும் மறைகின்றன. மடாதிபதி நெஞ்சுடைந்து விழுந்து இறக்கிறார். அவர் விழும்போது மண்ணிலிருந்து பற்றிய கிழங்குகள் கைக்குள் இருக்கின்றன. ஐயுற்ற அதே உடன்பிறப்பு அவற்றை மடத்துத் தோட்டத்தில் நட்டு ஆண்டு முழுவதும் காத்திருக்கிறார். வசந்தமும் கோடையும் இலையுதிர்காலமும் வெறுமையாய்க் கழிகின்றன. கிறிஸ்து பிறப்பு இரவில் மண் பிளந்து வெண்மலர்கள் எழுகின்றன. தம் கடுஞ்சொல்லால் ஒரு காட்டையே இழந்தவர் ஒரு பிடி வேரைக் காத்து நிற்கும் இக்கதை, குருக்களாகிய எமக்காகவே எழுதப்பட்டதோ என்று தோன்றுவதுண்டு.

வேரை விட்டுவைத்தவர்கள்

19ஆம் நூற்றாண்டில் மருத்துவம் மெல்ல மெல்ல இவ்வேரைக் கைவிட்டது. அதே நூற்றாண்டில்தான் தோட்டக்காரர்கள் பூவைக் கண்டெடுத்தனர். காக்கேசியப் பகுதிகளிலிருந்து வந்த தவக்கால ரோசா வகைகள் ஜெர்மானியத் தாவரவியல் தோட்டங்களில் நடப்பட்டன. அருகருகே நின்ற இனங்கள் தேனீக்களால் கலந்து வெண்மை, இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு, புள்ளியிட்டவை எனப் பல நிறங்களில் நாற்றுகள் முளைத்தன. பாடன்-பாடன் நகரில் தோட்டம் வைத்திருந்த மாக்ஸ் லைக்ட்லின் போன்றோர் அவற்றைத் தேர்ந்து வளர்த்தனர்.

நம் திருச்சபையின் குரு ஒருவருக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. வின்சென்ட் தே பவுல் நிறுவிய சபையைச் சேர்ந்த பிரெஞ்சு மறைப்பணியாளர் அர்மான் தாவீது, சீனாவின் சிச்சுவான் மலைநாட்டில் 1869இல் தங்கியிருந்தார். பாண்டா கரடியை மேலைநாட்டு அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் அவரே. அதே ஆண்டில், அதே மலைநாட்டில், இளஞ்சிவப்பாய்ப் பூக்கும் ஹெல்லெபோர் ஒன்றையும் கண்டார். ஏனைய ஹெல்லெபோர்கள் யாவும் ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வளர, இது ஒன்று மட்டும் பல்லாயிரம் கல் தொலைவில் தனித்து நிற்கிறது. அவர் சேர்த்த உலர்ந்த மாதிரியைக் கொண்டு அட்ரியன் பிராங்ஷே 1885இல் ஹெல்லெபோரஸ் திபெட்டானஸ் என்று பெயரிட்டார். ஆனால் மேலைநாட்டுத் தோட்டக்காரர்கள் உயிருள்ள செடியைப் பெற 1990களின் தொடக்கம்வரை காத்திருந்தனர். ஜப்பானியத் தாவரவியலாளர் மிகினோரி ஒகிசு வழியாகவே அது அவர்களை எட்டியது. காகிதத்தில் ஒட்டிய பூவுக்கும் மண்ணில் ஊன்றிய பூவுக்கும் இடையே 120 ஆண்டுகள்.

இங்கிலாந்தில் மால்வெர்ன் மலைப்பகுதியில் வாழ்ந்த ஹெலன் பல்லார்டு அம்மையார் 1960களில் தொடங்கித் தம் முதுமைவரை இச்செடிகளைக் கலந்து தேர்ந்தெடுத்தார். விதையிட்ட செடி பூத்து நிறம் காட்ட ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆகும். அப்படியானால் முப்பதாண்டு உழைப்பில் பத்துத் தலைமுறைகளையே ஒருவர் காண இயலும். அவரைப் போன்றோரின் பொறுமையால்தான் தெளிந்த மஞ்சளும் கருநீலமும் இம்மலர்களில் கிடைத்தன. எலிசபெத் ஸ்ட்ராங்மன் என்னும் மற்றோர் ஆங்கிலப் பெண்மணி 1971இல் மான்டினீக்ரோ மலைச்சரிவில் அடுக்குப் பூக்கள் கொண்ட இரு செடிகளைக் கண்டு கொண்டுவந்தார். டைடோ, இனியஸ் என்று காவிய மாந்தரின் பெயர்களை அவற்றுக்கு இட்டார். இன்றைய அடுக்குப் பூ வகைகள் பலவற்றின் மரபில் அவ்விரு செடிகளும் உண்டு. அவரும் செடியைத் தோண்டியவரே. ஆனால் மீண்டும் ஊன்றி வளர்க்கவே தோண்டினார். 2005இல் அமெரிக்கப் பல்லாண்டுத் தாவரச் சங்கம் தவக்கால ரோசாவின் கலப்பு வகையை அவ்வாண்டின் செடியாகத் தேர்ந்தது.

நிழலும் பேணுதலும்

நம் தமிழ்நாட்டுச் சமவெளியில் ஹெல்லெபோர் வளராது. அதற்கு நீண்ட குளிர்காலம் வேண்டும். எனினும் அதை வளர்ப்போர் கற்ற பாடங்கள் அறியத்தக்கவை.

முதலாவது, நிழல். நிழற்செடி என்றால் இருட்டில் வளர்வது என்று பொருளன்று. ஓக், பீச், ஹேசல் போன்ற இலையுதிர் மரங்களின் அடியே அதற்கு ஏற்ற இடம். குளிர்காலத்தில் மரம் இலையுதிர்த்து நிற்கையில் வெயில் தடையின்றிச் செடியை அடைகிறது. அப்போதுதான் செடி பூக்கிறது. கோடை வந்து வெயில் சுடும்போது மரம் தழைத்துக் குடைபிடிக்கிறது. வெயில் வேண்டியபோது வெயிலும் நிழல் வேண்டியபோது நிழலும் ஒரே மரத்தடியில் கிடைக்கின்றன. ஆண்டுதோறும் உதிரும் இலை மட்கி எருவாகிறது.

இரண்டாவது, மண். நீர் தேங்காத, மட்கு நிறைந்த, ஆழமான மண் வேண்டும். சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணைக் கிறிஸ்துமஸ் ரோசா விரும்பும். நடும்போது தூரின் தலைப்பகுதி மண்மட்டத்தோடு நிற்க வேண்டும். ஆழப் புதைத்தால் இலை வரும், பூ அரிதாகும். ஊன்றிய செடியை இடம்பெயர்க்கலாகாது. தொந்தரவு செய்யாது விட்டால் பல பத்தாண்டுகள் வாழும். தவக்கால ரோசாவின் தூரைப் பிரிக்கலாம் என்றாலும் பிரித்த துண்டுகள் தேறிவர நாளாகும். கிறிஸ்துமஸ் ரோசாவோ பிரித்தலை இன்னும் மெதுவாகவே மன்னிக்கும்.

மூன்றாவது, பழைய இலை. தவக்கால ரோசாவின் சென்ற ஆண்டு இலைகளைப் பூமொட்டுகள் எழுமுன், குளிர்காலத்தின் நடுவில், அடியோடு வெட்டிவிடுவர். பூஞ்சையால் கரும்புள்ளி நோய் கண்ட இலைகளை எருக்குழியில் இடாமல் அகற்றுவர். இதன் சாறு தோலைப் புண்ணாக்கும் என்பதால் கையுறை அணிவர். தண்டில் அசுவினி மொய்க்கிறதா என்று பார்ப்பர். இலையிலும் தண்டிலும் கறுப்புக் கோடுகள் ஓடும் கருஞ்சாவு என்னும் நச்சுயிரி நோய் வந்தால் மருந்தில்லை. அச்செடியைப் பறித்து அழித்துவிட வேண்டியதுதான். வேரைத் தொடாதே என்னும் விதிக்கும் இப்படியொரு விலக்கு உண்டு.

நான்காவது, விதை. மே, ஜூன் மாதங்களில் விதை முற்றும்போது அதன் கரு முழு வளர்ச்சி அடைந்திருக்காது. சில வாரக் கோடை வெப்பமும், அதன்பின் நீண்ட குளிரும் கண்ட பிறகே முளைக்கும். உடனே விதைத்தால் அடுத்த குளிர்காலத்தின் கடைசியில் நாற்றுக் காணலாம். உலர்த்தி வைத்துப் பின்னர் விதைத்தால் முளைப்பது மேலும் தாமதமாகும். விதையோடு ஒட்டியுள்ள கொழுப்புச் சத்துள்ள துணுக்குக்காக எறும்புகள் அதைச் சுமந்து சென்று, துணுக்கைத் தின்று விதையை விட்டுவிடும். எனவே தோட்டக்காரர் விதைக்காத மூலைகளிலும் நாற்றுகள் தோன்றும்.

இன்னும் ஒன்று. கடும் உறைபனி இரவுகளில் பூந்தண்டுகள் விறைப்பிழந்து தரையில் கிடக்கும். புதிதாய் வளர்ப்பவர் செடி செத்தது என்றே முடிவு கட்டிவிடுவார். வெயிலேறிப் பனி கரைந்ததும் அவை தாமாகவே நிமிரும். அனுபவமுள்ளவர் அக்காலையில் ஒன்றும் செய்வதில்லை. தவக்கால ரோசாவின் மலர்கள் கவிழ்ந்து தொங்குவன; உள்ளழகைக் காண வேண்டுமாயின் மண்டியிட்டுப் பூவைக் கையால் ஏந்த வேண்டும். தண்டோடு பறித்துக் குவளையில் வைத்தால் விரைவில் வாடும் என்பதால், பூவை மட்டும் கிள்ளி நீர் நிறைந்த அகன்ற கிண்ணத்தில் மிதக்கவிடுவர். குடிலுக்கு அருகே வைக்க அதுவே போதுமானதாயிருந்திருக்கும். நாம் கேட்டிருந்தால் கோயில்பிள்ளை சொல்லியிருப்பார்.

ஐந்தாம் ஆண்டு மடல்

அந்தத் திருக்காட்சி விழா முடிந்த வாரத்தில், அம்முதியவர் தொட்டியிலிருந்த தூரை எடுத்துக் கருகிய இலைகளை நீக்கினார். உயிருள்ள துண்டு எவ்வளவு என்று விரலால் தடவிப் பார்த்தார். உறைந்த மண் இளகும்வரை குளிர்ந்த மரக்கொட்டிலில் ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, பின்னர் அதே பீச் மரத்தடியில் நட்டார். குழியை நம்மைத் தோண்டச் சொன்னார். தூரின் தலையை மண்மட்டத்தில் நிறுத்தும்போது நம் கையைப் பிடித்துச் சற்று மேலே உயர்த்தினார். அந்த ஆண்டு இரண்டு இலைகள் வந்தன. மறு ஆண்டு நான்கு. பூ வரவில்லை. நாம் தாயகம் திரும்பும் நாளில் மதிலோரம் சென்று பார்த்தபோதும் பூ இல்லை.

வயலில் களையைப் பிடுங்க விரைந்த வேலையாள்களை, கோதுமையின் வேரும் கூட வந்துவிடும் என்று தடுத்த வீட்டுத்தலைவரின் உவமையைப் பற்றிக் குருமடத்தில் நாம் தேர்வு எழுதியிருக்கிறோம். நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். அந்த உவமையின் பொருள் நம் கைக்குப் புரிந்தது அந்தக் குழியின் அருகில்தான். மனம் கலங்கி வருவோரிடம் இப்போதெல்லாம் நாம் அதிகம் பேசுவதில்லை. மருத்துவரிடம் செல்ல வேண்டியவரை அனுப்பி வைக்கிறோம். அடுத்த வாரமும் வரச் சொல்கிறோம். வந்தால் அமர்ந்து கேட்கிறோம். உறைபனியில் சாய்ந்த தண்டை நிமிர்த்தப் போய் முறித்துவிடக் கூடாது என்னும் அச்சம் நமக்கு உண்டு.

செடியை நட்ட ஐந்தாம் ஆண்டின் கிறிஸ்து பிறப்புக் காலத்தில், ஆஸ்திரிய அஞ்சல்தலை ஒட்டிய உறையொன்று நம் பங்கு இல்லத்துக்கு வந்தது. உள்ளே ஒரு நிழற்படம்: மதிலோரம், பனி, மூன்று வெண்மலர்கள். பின்புறத்தில் தேதி மட்டும் எழுதப்பட்டிருந்தது. அந்த முதியவர் இன்றில்லை. படம் நம் திருப்புகழ்மாலை நூலுக்குள் இருக்கிறது. ஓரங்கள் மஞ்சளித்துவிட்டன, பூக்கள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன.